எரிக்கிறதா புதைக்கிறதா, பெட்டி எந்த மரத்துல: டெல்டா பக்கம் அடிக்கடி வர்ற கேள்விகள்

சாவு வீட்டுல நின்னுக்கிட்டு யாரும் இதெல்லாம் கேக்க மாட்டாங்க, அப்ப அதுக்கு நேரமும் இருக்காது. காரியம் முடிஞ்சு பந்தலெல்லாம் பிரிச்ச பிறகு ஆற அமர உக்காரும்போதுதான் "ஏங்க அன்னைக்கு அவ்ளோ கரும்புகை வந்துச்சே, காஸ் தகன மேடைக்கே கொண்டு போயிருக்கலாமோ"ன்னு ஆரம்பிப்பாங்க. அப்படி வர்ற கேள்விங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் கீழ இருக்கு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்து வழக்கத்தை வெச்சுத்தான் எழுதிருக்கேன், மத்த ஊர்ல முறை கொஞ்சம் மாறும்.

ஒரே வரில சொல்லுங்க, எரிக்கிறது நல்லதா புதைக்கிறது நல்லதா?

ஒரே வரில சொன்னா, உடம்போட சேத்து என்னத்த அனுப்புறீங்கங்கிறதுதான் மொதல் கேள்வி, எரிக்கிறதா புதைக்கிறதாங்கிறது ரெண்டாவது. மனுச உடம்புல பாதிக்கு மேல தண்ணி, மிச்சம் கொழுப்பு, புரதம், எலும்பு, அவ்ளோதான். அத மண்ணும் தின்னும் நெருப்பும் தின்னும். ஆனா பாலியெஸ்டர் பொடவை, தெர்மாகோல் வளையம், வார்னிஷ் அடிச்ச பிளைவுட், ரெக்சின், பிளாஸ்டிக் சரிகை, இதுங்கள ரெண்டும் தின்னாது, நெருப்புல போட்டா விஷப்புகை, மண்ணுல போட்டா அப்படியே கெடக்கும். நான் பாத்த வரைக்கும் நம்ம பக்கம் பிரச்சனை பாதி அங்கதான் இருக்கு, அத யாரும் பேசறதில்ல, எல்லாரும் விறகுக் கணக்கு மட்டும் பேசிக்கிட்டு இருக்காங்க.

ஒரு உடம்பு எரிக்க 400, 500 கிலோ விறகு ஆகும்னு சொல்றாங்களே, நம்ம ஊர்லயுமா?

அந்தக் கணக்கு வடக்க. காசி, டெல்லி பக்கம் திறந்த வெளியில கட்டைய அடுக்கி எரிக்கிற முறைக்கு 400லருந்து 600 கிலோன்னு சொல்லுவாங்க, அத கொறைக்கத்தான் டெல்லியில 'மோக்ஷ்தா'ன்னு ஒரு அமைப்பு 1992லருந்து மேல கூரையும் புகைபோக்கியும் வெச்ச இரும்பு மேடை போட்டு 150, 200 கிலோவுல முடிக்கிற மாதிரி செஞ்சாங்க.

நம்ம பக்கம் பெரும்பாலும் வரட்டி மூட்டம். அடியில கொஞ்சம் கட்டை, மேல வரட்டி, உடம்பு, அதுக்கு மேல சுத்தி வரட்டி, அப்புறம் வைக்கோல் போர்த்தி களிமண்ண கொழைச்சு பூசிடுவாங்க, புகை போறதுக்கு அங்கங்க ஓட்டை மட்டும். உள்ள சூடு வெளிய போகாம நிக்கும், ராத்திரி பூரா நின்னு எரிஞ்சு காலைல பாத்தா சாம்பல். திறந்த சிதையில பாதி சூடு காத்துல போயிடும், அதனாலதான் அவ்ளோ கட்டை கேக்குது. நம்ம முறையில மரம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் மாட்டுக் கொட்டகையும் அறுவடை முடிஞ்ச வயலும் குடுத்தது. விஞ்ஞானம் படிக்காத ஆளுங்க கண்டுபிடிச்ச அடுப்பு அது, அந்த வேலை தெரிஞ்சவங்களுக்கு நாம இன்னைக்கு வரைக்கும் சரியான கூலியும் குடுக்கல மரியாதையும் குடுக்கல, அது தனிக்கதை.

ஆனா அதுக்காக அது சுத்தமான முறைன்னு சொல்லிட முடியாது. காத்து கம்மியா போறதால அரைகொறையா எரிஞ்சு கார்பன் மோனாக்சைடு, நுண்துகள் ரெண்டும் நெறைய வரும். கிலோவுக்கு கிலோ பாத்தா காய்ஞ்ச விறக விட வரட்டி அதிகமா புகையும். சுடுகாடு ஊரத் தள்ளி ஆத்துப் படுகையில இருக்கிறவரைக்கும் பரவால்ல, இப்ப ஊர் வளந்து நகர் வளந்து சுடுகாட்டுக்கு காம்பவுண்டு சுவர் ஒட்டியே பிளாட் போட்டு வித்துட்டாங்க, அங்கதான் சண்டை வருது.

மழைக்காலத்துல ஏன் அவ்ளோ புகை?

ஈரம், வேறென்ன. ஐப்பசி கார்த்திகை அடைமழைல வரட்டி நமுத்து போயிருக்கும், கட்டை பச்சை, அத எரிய வைக்க மண்ணெண்ணெய், டீசல், சில எடத்துல பழைய டயர் கூட போடுறாங்க. டயர் மட்டும் தயவுசெஞ்சு வேணாம். ஒரு டயர் விடுற புகையில கந்தகமும் புற்றுநோய் உண்டாக்குற எண்ணெய்ப் பொருளும் இருக்கு, அத மொதல்ல இழுக்கிறது பக்கத்துல நின்னு கிளறுற தொழிலாளி. தகரக் கொட்டகையும் வரட்டி நனையாம வைக்க ஒரு சின்ன ரூமும் ஊராட்சி கட்டிக் குடுத்தா டயருக்கே வேலை இல்ல.

விறகுக்கு எந்த மரம் பரவால்ல?

சீமைக்கருவேலம். நம்ம கடலோரமும் ஏரி குளமும் பூரா அதுதான் மண்டிக்கெடக்கு, அத அழிக்கச் சொல்லி ஹைகோர்ட் மதுரை கிளையே 2017ல உத்தரவு போட்டுச்சு, நல்லா கனன்னு எரியும். மாங்கட்டைதான் வேணும்னு சாஸ்திரம் பாக்குறவங்க சாஸ்திரத்துக்கு நாலு மாங்கட்டை வெச்சுட்டு மிச்சத்துக்கு கருவேலம் போடலாம், காய்க்கிற மாமரத்த வெட்டணும்னு இல்ல.

காஸ் தகன மேடைல மாசே இல்லையா?

இருக்கு, ஆனா புகை ரொம்ப ரொம்ப கம்மி. நகராட்சில "நவீன எரிவாயு தகன மேடை"ன்னு போர்டு வெச்சிருப்பாங்கல்ல, அது ரெண்டு வகை. ஒண்ணு மரத்துண்டுகள மூடுன கலன்ல அரைகொறையா எரிச்சு அதுலருந்து வர்ற வாயுவ பிடிச்சு அந்த வாயுவுல உடம்ப எரிக்கிறது, இன்னொண்ணு நேரா எல்பிஜி சிலிண்டர். உள்ள 800 டிகிரிக்கு மேல போகும், ஒரு மணி ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும், புகைய தண்ணில கழுவி உயரமான சிம்னி வழியா விடுவாங்க.

இப்ப ஒரு கணக்கு பாப்போம். எல்பிஜி ஒரு கிலோ எரிஞ்சா சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு உடம்புக்கு ஒரு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரே காலியாகுதுன்னு வெச்சுக்கிட்டாலும் 57 கிலோ. சென்னைலருந்து கும்பகோணத்துக்கு ஒரு கார் வந்துட்டு திரும்பிப் போனா 25லருந்து 30 லிட்டர் பெட்ரோல் ஆகும், லிட்டருக்கு 2.3 கிலோ, ஆக கிட்டத்தட்ட அதே 60 கிலோ. துஷ்டிக்கு எத்தன கார் வந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க! அதுக்காக சொந்தக்காரங்க வரவேணாம்னு சொல்லல, ஒரு வண்டில நாலு பேரா வாங்கன்னு சொல்லலாம்ல. தகனத்தோட கார்பன் கணக்கு மட்டும் தனியா பேசுறவங்களப் பாத்தா எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

மின்சார மேடை?

ஊருக்குள்ள புகை இல்ல, சரி. ஆனா நம்ம கரண்ட்டுல பெரும்பங்கு நிலக்கரிதான், புகை நெய்வேலியிலயோ எண்ணூர்லயோ வருது. அடுப்ப சூடேத்தத்தான் கரண்ட் நெறைய இழுக்கும், அடுத்தடுத்து வேலை இருக்கிற திருச்சி ஓயாமாரி மாதிரி பெரிய மயானத்துக்கு அது சரிப்படும், வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நடக்கிற சின்ன டவுனுக்கு சரிப்படாது.

மாலை, கோடித்துணி எல்லாம் எரிக்கலாமா? எல்லாம் சாஸ்திரம்தானே?

கோடி போடுறது சம்பிரதாயம். அது பாலியெஸ்டரா இருக்கணும்னு எந்த சாஸ்திரமும் சொல்லல. சம்பந்தி வீடு, தாய்மாமன் வீடு, அங்காளி பங்காளின்னு ஒவ்வொருத்தரும் ஒரு பொடவையோ வேட்டியோ போத்துவாங்க, கடைல "சாவுக்கு"ன்னு கேட்டாலே எடுத்துக் குடுக்கிறது சிந்தெடிக்தான், வெல கம்மி. பாலியெஸ்டர்னா தண்ணி பாட்டில் செய்யிற அதே பிளாஸ்டிக், அத நூலா இழுத்து நெய்தது. பத்து பொடவை எரிஞ்சா ஒரு மூட்டை காலி பாட்டில எரிச்ச மாதிரிதான். பருத்தித் துண்டு ஒண்ணு வாங்கிப் போங்க, சிறுசா இருந்தாலும் பரவால்ல. இல்லாட்டி போத்துனத கொளுத்துறதுக்கு முன்னாடி எடுத்து தனியா வெச்சுடச் சொல்லுங்க, நெறைய மயானத்துல எடுக்கத்தான் செய்றாங்க.

மலர் வளையம் அடுத்தது. அடியில தெர்மாகோல் இல்ல ஸ்பாஞ்ச், மேல ஜிகினா பேப்பர், ஓரத்துல பிளாஸ்டிக் இலை, நடுவுல எங்கயோ நாலு பூ. அலங்காரத்துக்கு தெர்மாகோல் பயன்படுத்துறது 2022 ஜூலை 1லருந்து நாடு முழுக்க தடை, 100 மைக்ரானுக்கு கம்மியான பிவிசி பேனரும் அதே லிஸ்ட்லதான் இருக்கு, ஆனா கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் இல்லாத தெரு முனை ஒண்ணு காட்டுங்க பாப்போம். அந்த ஃப்ளெக்ஸ கிழிச்சு எடுத்துட்டு வந்து மூட்டத்துக்கு மேல மழைக்குப் போத்துறாங்க பாருங்க, அதான் ரொம்ப மோசம். பிவிசில குளோரின் இருக்கு, கம்மி சூட்டுல எரியும்போது டையாக்சின்னு ஒரு விஷம் உண்டாகும், அது காத்தோட போயி மேயுற புல்லுல உக்காந்து பால் வரைக்கும் வரும், கொழுப்புல தங்கிட்டா வருஷக்கணக்குல போகாது.

பாடைக்குப் பச்ச மூங்கில், தென்னங்கீத்து, கயிறு, இதெல்லாம் தாராளமா எரியட்டும், ஒரு தப்பும் இல்ல. கயிறு மட்டும் தேங்கா நார்க் கயிறா இருக்கட்டும், இப்ப எல்லாரும் நைலான் கட்டிடறாங்க.

ஐஸ் பெட்டி பத்தி யாரும் பேசுறதே இல்லையே?

ஆமா, பேசணும். முன்னெல்லாம் காலைல போனா சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுவாங்க. இப்ப பையன் அமெரிக்காவுலருந்து வரணும், பொண்ணு துபாய்லருந்து வரணும்னு ரெண்டு மூணு நாள் வெக்கிறாங்க. தப்பு சொல்ல முடியாது, கடைசியா மொகம் பாக்கணும்ல. ஆனா கரண்ட் போச்சுன்னா வாசல்ல டீசல் ஜெனரேட்டர் ஓடும், டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ரெண்டு ராத்திரி ஓடுனாலே காஸ் மேடை சிலிண்டர் கணக்க தாண்டிடும். பெட்டிக்குள்ள ஆர்-134ஏ மாதிரி குளிரூட்டுற வாயு இருந்து அது கசிஞ்சா இன்னும் மோசம், கார்பன் டை ஆக்சைட விட ஆயிரம் மடங்குக்கு மேல பூமிய சூடாக்குற வாயு அது. வாடகைக்கு எடுக்கிறப்ப ரப்பர் பட்டி சரியா மூடுதான்னு பாத்துக்குங்க, நெழல்ல வைங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா தொறந்து மாலை போடாதீங்க, மேல வெச்சாலே போதும்.

சவப்பெட்டி எந்த மரத்துல செஞ்சா நல்லது?

வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூண்டி, தஞ்சாவூர்னு நம்ம பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்க நெறைய, இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பதில் கேட்டா ஆச்சரியப்படுவீங்க, சீக்கிரம் மக்கிப்போற மட்டமான மரம்தான் நல்ல மரம். தேக்குல பெட்டி செய்யிறது பெருமைக்குத்தான், தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம், கரையான் அண்டாது, மண்ணுக்குள்ள பல வருஷம் நிக்கும், குடும்பக் கல்லறைய திரும்பத் தொறக்கும்போது இடைஞ்சல். மாமரம், இலவமரம், இப்ப வயல் ஓரத்துல பிளைவுட்டுக்காக வளக்கிற மலைவேம்பு, இதெல்லாம் தாராளமா போதும். ஆணி அடிக்காம முளையடிச்சு செய்யத் தெரிஞ்ச ஆசாரி கெடச்சா இன்னும் நல்லது.

இன்னைக்கு கடைல கெடைக்கிற ரெடிமேட் பெட்டி பலதும் முழு மரமே இல்ல. பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப், எல்லாம் மெல்லிசா சீவுன மரத்தகட்டையோ மரத்தூளையோ சிம்பையோ ஃபார்மால்டிஹைடு பசைல ஒட்டுனது, மேல சன்மைக்கா இல்ல பிளாஸ்டிக் ஷீட், உள்ள சாட்டின் துணி, அதுக்கடியில ஃபோம், ஓரத்துல தங்கக்கலர் அடிச்ச பிளாஸ்டிக் சிலுவையும் கைப்பிடியும். மர வேலை தெரியாதவங்களுக்கு அது பளபளன்னு இருக்கும். கடலோர மணல்ல உப்பும் சேந்து அந்த பிளாஸ்டிக் பெட்டிங்க மக்கவே மக்காது. கேரளாவுல ஆலப்புழா பக்கம் ஒரு கடலோரப் பங்குல இந்தத் தொல்லைக்காகவே பெட்டிய விட்டுட்டு வெறும் பருத்தித் துணில சுத்தி அடக்கம் பண்ண ஆரம்பிச்சாங்க. நம்ம பங்குத் தந்தைகிட்ட கேட்டுப்பாக்கலாம், மொதல்ல தூக்கிட்டுப் போக மட்டும் ஒரு நல்ல பொதுப் பெட்டி கோயில்ல வெச்சுக்கலாம்.

வெளிநாட்டுல வில்லோ குச்சி, பிரம்பு, அட்டைல எல்லாம் பெட்டி பின்னி விக்கிறாங்க. நம்ம கொள்ளிடம் பக்கத்துல தைக்கால்ல பிரம்பு வேலை இருக்கு, நாற்காலியும் ஊஞ்சலும் பின்றவங்களுக்கு இது பெரிய காரியமே இல்ல, யாராச்சும் ஆர்டர் குடுத்தா செஞ்சு குடுப்பாங்கன்னு நெனைக்கிறேன்.

கிறிஸ்தவங்க எரிக்கலாமா?

கத்தோலிக்க சபை 1963லயே தடைய எடுத்துடுச்சு. 2016ல ரோம்லருந்து வந்த அறிவுரைல சாம்பல தூவக்கூடாது, வீட்டுல வெக்கக்கூடாது, புனிதமான எடத்துல வெக்கணும்னு சொல்லிருக்காங்க. எரிக்கிறதா இருந்தா பெட்டியோட உள்ள தள்ளாதீங்க, அந்தப் பசையும் வார்னிஷும்தான் புகை.

முஸ்லிம்கள் முறை எப்படி?

இந்த விஷயத்துல அவங்கதான் நமக்கெல்லாம் முன்னாடி போயிட்டாங்க. நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் எங்க போனாலும் உடம்பச் சுத்த வெள்ளை கஃபன் துணி, தூக்கிட்டுப் போற சந்தூக்கு பள்ளிவாசலுக்குத் திரும்பி வந்துடும், உடம்பு மண்ணுக்கு. புதைக்கிற பெட்டியும் இல்ல பேனரும் இல்ல. துணி பருத்தியா இருந்தா போதும், வேற சொல்ல ஒண்ணும் இல்ல.

சிங்கப்பூர், வளைகுடாலருந்து வந்த பெட்டியோட எரிச்சுடலாமா?

கூடவே கூடாது. விமானத்துல வர்றதுக்காக உடம்புக்குள்ள ஃபார்மலின் ஏத்தி, துத்தநாகத் தகடு அடிச்ச பெட்டில காத்துப் போகாம மூடி அனுப்புவாங்க. துத்தநாகம் 420 டிகிரில உருகும், 907 டிகிரில ஆவியாயிடும், காஸ் மேடை சூடு அந்த அளவுக்குப் போகக்கூடியது. அந்த ஆவிய மூச்சுல இழுத்தா குளிர் ஜுரம் மாதிரி வரும், வெல்டிங் பட்டறைக்காரங்களுக்குத் தெரியும். திருச்சி ஏர்போர்ட்லருந்து வீட்டுக்கு வந்ததும் பெட்டிய மாத்திடுங்க. தகட்ட காயலான் கடைல போடலாம், மரத்த அடுப்புல வெக்காதீங்க. ஃபார்மலின்ல இருக்கிற ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதி பண்ண பொருள், தொறக்கும்போது கண்ணு எரியும், கொழந்தைங்கள தள்ளி நிக்கச் சொல்லிட்டு காத்தோட்டமா வெச்சு தொறங்க.

பேஸ்மேக்கர், பல்லு அடைச்சதெல்லாம் பிரச்சனையா?

பேஸ்மேக்கர கண்டிப்பா எடுக்கணும், உள்ள லித்தியம் பேட்டரி, சூட்டுல வெடிக்கும், அடுப்பும் சேதம் ஆளும் சேதம். ஆஸ்பத்திரிலயே சொல்லி எடுத்துடுங்க, வீட்டுக்கு வந்தப்புறம் அந்த நேரத்துல யாருக்கும் ஞாபகம் இருக்காது. வெள்ளி நெறத்துல பல் அடைப்பு இருந்தா அதுல பாதிக்கிட்ட பாதரசம், 357 டிகிரிலயே ஆவியாகிப் போயிடும். எல்லாருக்கும் பல் அடைச்சிருக்கிற ஐரோப்பாவுல இது பெரிய தலைவலி, சிம்னில தனி ஃபில்டரே போடுறாங்க. நம்ம ஊர் தாத்தா பாட்டிங்க பல்லப் புடுங்கிட்டுத்தான் மறுவேலை பாத்தாங்க, அதனால இங்க அவ்ளோ இல்ல.

புதைச்சா குடிதண்ணி கெட்டுப் போகுமா?

டெல்டாவுல இது நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 1998ல சொன்னது, குடிதண்ணி கெணத்துலருந்து 250 மீட்டர், ஆறு வாய்க்கால்லருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கணும், குழிக்கு அடியில ஒரு மீட்டராவது ஈரமில்லாத மண்ணு நிக்கணும். தமிழ்நாட்டு ஊராட்சி விதி 1999ல வீட்டுலருந்தும் குடிதண்ணி எடுக்கிற எடத்துலருந்தும் 90 மீட்டர்னு போட்டிருக்கு. நம்ம பக்கம் என்ன நடக்குது? ஆத்தங்கரை வாய்க்கால் கரைலதான் மயானமே, கார்த்திகைல மூணடி தோண்டுனா தண்ணி ஊறுது, அதுல எறக்குறாங்க. உடம்பு மக்குற நீர் நேரா தண்ணில கலக்கும், அம்மோனியா, நைட்ரேட், கிருமி. மேடு பண்ணி மண்ணு கொட்டி உசத்துனாலே பாதி தீந்துடும், நூறு நாள் வேலைல இத எடுக்கச் சொல்லி கிராமசபைல கேக்கலாம். நோய் பத்தி ஒண்ணு மட்டும், சுனாமில நாகப்பட்டினத்துல அவ்ளோ பேர் போனப்ப கொள்ளைநோய் வந்துடும்னு பயந்தாங்க, இயற்கைப் பேரழிவுல எறந்த உடம்பால பொதுவா கொள்ளைநோய் வராதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நாள்பட தண்ணி கெடுறதுதான் கவலை.

அஸ்தி கரைச்சா ஆறு கெடுமா?

அஸ்தில கெடுதல் ரொம்ப கம்மி. பெரியவங்க உடம்புக்கு ரெண்டு மூணு கிலோ எலும்புச் சாம்பல், கால்சியம் பாஸ்பேட்டு, ஓடுற தண்ணில ஒண்ணும் ஆகாது. கூட விடுறதுதான் கெடுதல், உடுத்துன துணி, பாலித்தீன் கவர், கலர் பானை, சாமி படம், கண்ணாடி பிரேம். திருவையாறு, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், மாயவரம் துலாக்கட்டம் எங்கயும் அமாவாசைக்கு மறுநாள் போய்ப் பாருங்க, படித்துறைல துணி மூட்டை மூட்டையா கெடக்கும், அது மதகுல அடைச்சு நாத்தம் எடுக்கும், துப்புரவுப் பணியாளர் எறங்கி அள்ளணும்.

இன்னொண்ணு, மேட்டூர் மூடுன பிறகு மாசி பங்குனி சித்திரைல ஆத்துல தண்ணி எங்க இருக்கு? தேங்குன குட்டைல பத்து வீட்டு அஸ்தி கரைச்சு அதுலயே முழுகி எழுந்திருக்கிறாங்க. அந்த மாசத்துல பூம்புகார் இல்ல கோடியக்கரை போயி கடல்ல கரைங்க. மரத்தடில போடணும்னு ஆசைப்படுறவங்க நேரா வேர்ல கொட்டாதீங்க, காரமும் உப்பும் அதிகம், செடி கருகிடும், நெறைய மண்ணும் மக்குன எருவும் கலந்து போடுங்க.

தண்ணிலயே கரைக்கிறது, உரமாக்குறதுன்னு வருதே?

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த தண்ணில சுமார் 150 டிகிரில உடம்ப கரைக்கிற முறை, தென்னாப்பிரிக்காவுல பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுக்கு 2022 ஜனவரில அப்படித்தான் செஞ்சாங்க. மரச்சீவல் வைக்கோலோட சேத்து மக்க வைக்கிறதுக்கு அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம் 2019ல சட்டம் போட்டுச்சு. நம்ம ஊருக்கு வர்றப்ப பாத்துக்கலாம்.

பெரியப்பா சித்தப்பாங்க ஒத்துக்க மாட்டாங்களே, எப்படி சொல்றது?

சாவு விழுந்த அன்னைக்கு சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க, சண்டைதான் மிஞ்சும். வீட்டுல பெரியவர் நல்லா இருக்கும்போதே அவரையே கேட்டுடுங்க, "ஏம்ப்பா எனக்கு பாலியெஸ்டர் வேணாம், டயர் வேணாம், காஸ்லயே வெச்சுடு"ன்னு அவர் வாயால நாலு பேர் முன்னாடி சொல்லிட்டா அதுக்கு மேல எந்தப் பங்காளியும் பேச மாட்டான். வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், கொள்ளிக்குடம் எல்லாம் காஸ் மேடை வாசல்லயும் செய்யலாம், பால் தெளிக்கும் காடாத்துக்கும் சாம்பல சட்டில குடுப்பாங்க, சம்பிரதாயம் எதுவும் விட்டுப்போகாது. போறதுக்கு முன்னாடி மேடைக்கு ஃபோன் பண்ணி நேரம் வாங்கிக்குங்க, எறந்தவரோட ஆதார் நகலும் டாக்டர் குடுத்த சீட்டும் யாராச்சும் ஒருத்தர் சட்டைப்பைல இருக்கட்டும், கைல காலுல கெடக்கிற மெட்டல், நகை, மூக்குக்கண்ணாடி எல்லாத்தையும் வீட்டுலயே கழட்டிடுங்க, அங்க போயி கழட்ட நேரம் குடுக்க மாட்டாங்க.